நாமமும் பற்றும்

ஒரு பொருளுக்கு வழங்கிவந்த பெயர் நீங்கிவிட்டால் அந்தப் பொருளும் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாமா என்னும் வினா, நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்களில் மிகப் பழமையானது. உபநிஷத்துக்கள் நாமத்தையும் ரூபத்தையும் பிரித்து ஆராயத் தொடங்கிய காலத்திலிருந்து ஆசாரியர்கள் அவற்றுக்குப் பாஷ்யம் செய்த காலம் வரையில், மகான்கள் பலர் இதனைப் பலவாறு விசாரித்திருக்கிறார்கள். அந்தப் பழைய வினா நம் காலத்தில், யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், இரவும் பகலும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் கணினிகளைப் பராமரிப்பவர்களின் முன்னே, அன்றாடத் தொல்லை ஒன்றின் வடிவில் வந்து நிற்கிறது. அத்தொல்லையின் இயல்பை முதலில் விளக்கி, தாமிரபரணிக் கரையில் திருக்குருகூர் என்று பழம்பெயர் பெற்ற ஆழ்வார்திருநகரியின் சரித்திரத்தோடும், அவ்வூர் வளர்த்த சமய சித்தாந்தத்தோடும் அது எவ்வாறு உறவுகொள்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸ் இயங்கும் சர்வர் ஒன்றில் டிஸ்க் முழுவதும் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஓர் எழுத்தும் எழுத இடமில்லாமையால் அதில் நடக்கும் காரியங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. பராமரிப்பவர் தேடிப் பார்த்து, நிகழ்ச்சிகளை ஓயாமல் பதிந்துவைக்கும் லாக் கோப்பு ஒன்று பல ஜிகாபைட் அளவுக்குப் பெருத்துக் கிடப்பதைக் கண்டு, ‘ஆர்எம்’ என்னும் கட்டளையால் அதை நீக்குகிறார். டைரக்டரியில் இப்போது அந்தக் கோப்பு இல்லை. ஆயினும், எவ்வளவு இடம் மீதியிருக்கிறது என்று ‘டிஎஃப்’ கட்டளையால் கேட்டால், முன்பு சொன்ன விடையையே அது மீண்டும் சொல்லுகிறது. டிஸ்க் நிரம்பியே இருக்கிறது. டைரக்டரிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் கொண்டிருக்கிறது என்று ‘டியூ’ கட்டளையால் கூட்டிப் பார்த்தாலோ, பெரும்பகுதி காலியாக இருக்கவேண்டும் என்று கணக்கு வருகிறது. ஒரே டிஸ்கைக் குறித்த இரண்டு கணக்குகள், இரண்டும் பிழையற்றவை, ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கின்றன.

இம்முரண்பாட்டின் காரணம் லினக்ஸுக்கும் முற்பட்டது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கியபோது, கோப்பையும் கோப்பின் பெயரையும் வெவ்வேறாக வைத்தார்கள். 1991ஆம் ஆண்டு பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அந்த ஏற்பாட்டையே மேற்கொண்டது. இதன்படி, கோப்பின் அளவு, உரிமையாளர், உள்ளடக்கம் டிஸ்கில் எவ்விடங்களில் கிடக்கிறது என்னும் விவரங்களெல்லாம் ‘ஐநோட்’ எனப்படும் குறிப்பில் அடங்கியிருக்கின்றன. ஆனால் கோப்பின் பெயர் மட்டும் அந்தக் குறிப்பில் இல்லை. பெயர் என்பது டைரக்டரியில் எழுதப்பட்ட ஒரு வரியே. இன்ன பெயரைச் சொன்னால் இன்ன எண்ணுள்ள ஐநோட்டுக்குச் செல்க என்று வழிகாட்டுவதற்குமேல் அவ்வரிக்கு வேலையில்லை. ஒரே ஐநோட்டுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். ‘ஆர்எம்’ கட்டளை செய்வதெல்லாம் அந்தப் பெயர்களில் ஒன்றை அடித்துவிட்டு, பெயர்க்கணக்கில் ஒன்றைக் குறைப்பதுதான். பெயர்க்கணக்கு பூஜ்யமானாலும், அந்தக் கோப்பை முன்னமே திறந்து கையில் வைத்திருக்கும் புரோகிராம் ஏதேனும் ஓடிக்கொண்டிருக்குமானால், அது தன் பிடியை விடும்வரையில் ஐநோட்டும் அழியாது, அது கொண்டிருந்த இடமும் திரும்பிவராது. வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைக் கழற்றியதால் வீட்டில் குடியிருப்பவர் வெளியேறிவிடுவதில்லை அல்லவா?

‘டியூ’ பெயர்களின் வழியே நடந்து சென்று கணக்கெடுக்கிறது. ஆகவே பெயரற்றது அதன் கண்ணில் படுவதில்லை. ‘டிஎஃப்’ பெயர்களைக் கேட்பதே இல்லை. உள்ளபடி எவ்வளவு இடம் பிடிபட்டிருக்கிறது என்பதையே அது சொல்லுகிறது. இதைவிட முக்கியமானதொன்றும் உண்டு. பிடித்திருக்கும் புரோகிராம் அந்தக் கோப்பில் இன்னும் எழுதிக்கொண்டே இருக்குமாயின், பெயரிழந்த அந்தக் கோப்பு மேலும் மேலும் வளரும். நீக்கிவிட்டோம் என்று நாம் நிம்மதியடைந்த பொருள், நீக்கப்பட்ட காரணத்தினாலேயே நம் பார்வைக்கு அகப்படாமல், பெருத்துக்கொண்டே போகிறது.

இதற்குப் பரிகாரம் இன்னதென்பது அறிந்தவர்களுக்குத் தெளிவு. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையிடம், பெயர்க்கணக்கு ஒன்றுக்குக் குறைந்தவற்றை மட்டும் காட்டுமாறு கேட்டால், எந்தப் புரோகிராம் எந்தப் பெயரற்ற கோப்பைப் பிடித்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அந்தப் புரோகிராமை நிறுத்தி மறுபடியும் தொடங்கலாம். அல்லது, நிறுத்தாமலேயே, பழைய கோப்பை விட்டுப் புதிய கோப்பைத் திறந்துகொள்ளுமாறு அதற்கொரு சமிக்ஞை கொடுக்கலாம். லாக் கோப்புகளை முறைவைத்து மாற்றும் ‘லாக்ரொட்டேட்’ சாதாரணமாகச் செய்வது இதுவே. இடம் திரும்பாமைக்கு வேறு காரணங்களும் உண்டு: கோப்பு குப்பைத்தொட்டி டைரக்டரிக்கு மாற்றப்பட்டிருக்கலாம், அதற்கு இன்னொரு பெயர் எங்கேனும் இருக்கலாம், ஸ்னாப்ஷாட் எனப்படும் பழைய நிலையின் பதிவு அதை வைத்துக்கொண்டிருக்கலாம். காரணம் எதுவாயினும், நீக்கியதாக நாம் எண்ணியதை வேறொன்று பற்றியிருக்கிறது என்பதே இவை அனைத்துக்கும் பொது.

இயந்திரத்தைப் பற்றிய இச்செய்தியில் நான் காண்பது ஒரு தத்துவ உண்மை. ஒரு பொருளின் இருப்பும் இன்மையும் அதன் பெயரால் நிர்ணயிக்கப்படுவதில்லை. அதைப் பற்றியிருப்பவன் ஒருவன் உளனா என்பதாலேயே நிர்ணயிக்கப்படுகின்றன. விசிஷ்டாத்வைத சித்தாந்தம் பிரளயத்தைப் பற்றிக் கூறும் இடத்தில் இதே உண்மை விளங்கக் காணலாம். சாந்தோக்கிய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தை அடியொற்றி, உள்ளது ஒருபோதும் இல்லாததாக ஆவதில்லை, அழிவு என்பது அவஸ்தை மாறுவதே என்று ஸ்ரீ இராமாநுஜர் நிலைநாட்டினார். பிரளய தசையில் சித்தும் அசித்தும், இன்ன பெயர், இன்ன உருவம் என்று பிரித்துச் சொல்லத் தகாத சூக்ஷ்ம நிலையை அடைகின்றன. ஆனால் அந்நிலையிலும் அவை பரப்பிரஹ்மத்துக்குச் சரீரமாக, அவனால் தரிக்கப்பட்டே இருக்கின்றன. சிருஷ்டி காலத்தில் நாமரூபங்களை மீண்டும் பெறுகின்றன. பெயர் முழுவதும் ஒழிந்த நிலையில் உலகம் ஒழிந்துபோகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அதைத் தாங்குகிறவன் தாங்குவதை விடாமையே. பெயரை ஆதாரமாகக் கொண்டவனுக்குப் பிரளயம் சூனியமாகத் தோன்றும். தாரகனை ஆதாரமாகக் கொண்டவனுக்கு அது ஓர் அவஸ்தையே.

இந்தச் சித்தாந்தத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று ஆழ்வார்திருநகரி. காரிக்கும் உடையநங்கைக்கும் மகனாக அவதரித்த நம்மாழ்வார், பிறந்தது முதல் அழாமலும் பேசாமலும், ஆதிநாதர் கோயிலிலுள்ள புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் எழுந்தருளியிருந்தார் என்பது ஸம்பிரதாயம். உறங்காப்புளி என்று போற்றப்படும் அந்தத் திருப்புளியை இன்றும் அங்கே சேவிக்கலாம். அருகிலுள்ள திருக்கோளூரில் பிறந்து, வடதேச யாத்திரையாக அயோத்தியில் தங்கியிருந்த மதுரகவிகள், தென்திசையில் தோன்றிய ஒரு பேரொளியைப் பின்பற்றி வந்து, மௌனமாயிருந்த அம்மகானிடம் ஒரு வினாவை விடுத்தார். உயிரற்றதாகிய பிரகிருதியின் உள்ளே அணுவாகிய ஆத்மா வந்து தோன்றினால், அது எதை அனுபவித்து எங்கே தங்கியிருக்கும் என்பது அவ்வினாவின் கருத்து. அந்த உயிரற்றதையே அனுபவித்து அதிலேயே தங்கியிருக்கும் என்ற கருத்துப்பட ஆழ்வார் அருளிய விடையே அவர் திருவாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை என்பர். ஜீவன் படும் பாட்டையெல்லாம் அந்த விடை அடக்கியிருக்கிறது. பந்தத்துக்குக் காரணம் உடம்பு ஒன்றே என்றால், ஓர் உடம்பு விழுந்தவுடன் பந்தமும் விழுந்திருக்கவேண்டும். அவ்வாறு நிகழாமல், மரித்ததைப் பற்றிக்கொண்டு அதையே உண்டு அங்கேயே கிடக்கும் ஜீவனின் பிடியே பந்தமாகிறது.

பற்றின் வலிமைக்கு இவ்வாறு ஒரு முகம் உண்டாயின், அதற்கு மங்களமான மற்றொரு முகமும் உண்டு என்பதற்கு இவ்வூரின் சரித்திரமே சாட்சி. ஆழ்வார் அருளிச்செய்த பிரபந்தங்கள் நான்கு: 100 பாசுரங்களுள்ள திருவிருத்தம், 7 பாசுரங்களுள்ள திருவாசிரியம், 87 பாசுரங்களுள்ள பெரிய திருவந்தாதி, 1102 பாசுரங்களுள்ள திருவாய்மொழி. காலப்போக்கில் இவையும் ஏனைய ஆழ்வார்களின் பிரபந்தங்களும் வழக்கொழிந்து போயின. வீரநாராயணபுரம் எனப்பட்ட காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள், யாத்திரிகர் சிலர் திருக்குடந்தை ஆராவமுதன்மீது ஒரு பதிகத்தை ஓதக் கேட்டார். ஆயிரத்தில் அடங்கிய பத்து இது என்று அப்பதிகத்தின் இறுதிப் பாசுரம் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொண்டது. எஞ்சிய பாசுரங்கள் எங்கே என்று அவர் வினவ, ஓதினவர்களுக்கு விடை தெரியவில்லை. ஆயிரம் என்ற எண்ணிக்கை மட்டும் கேட்பாரற்று நின்றது. மற்றப் பாசுரங்கள் உலகத்தின் கணக்கிலே இல்லாதனவாயின.

நாதமுனிகள் அவை அழிந்தன என்று முடிவுகட்டவில்லை. யாரிடம் அவற்றின் பற்று எஞ்சியிருக்கும் என்று தேடித் திருக்குருகூருக்கே வந்தார். அங்கே மதுரகவிகளின் சிஷ்ய பரம்பரையைச் சேர்ந்த பராங்குசதாசர் என்பவரிடம், மதுரகவிகள் தம் ஆசாரியனைக் குறித்துப் பாடிய கண்ணிநுண் சிறுத்தாம்பின் 11 பாசுரங்கள் மட்டும் இருந்தன. அவற்றை அவரிடம் உபதேசமாகப் பெற்று, திருப்புளியின் அடியில் அமர்ந்து 12,000 உரு ஜபித்தபோது, ஆழ்வார் யோக தசையிலே காட்சி தந்து, தம்முடைய ஆயிரத்தோடு ஏனைய ஆழ்வார்களின் பிரபந்தங்களும் சேர்ந்த நாலாயிரத்தையும் அவருக்கு அருளினார் என்று குருபரம்பரை கூறுகிறது.

கணினி அறிந்தவர்கள் இங்கே ஒன்றை நினைவுகூர்வார்கள். தவறுதலாக நீக்கப்பட்ட கோப்பை ஒரு புரோகிராம் இன்னும் பிடித்திருக்குமானால், லினக்ஸில் அதை முழுமையாக மீட்டுவிடலாம். ‘ப்ரோக்’ என்னும் டைரக்டரியின்கீழ் அந்தப் புரோகிராமுக்குரிய எண்ணைக் கண்டுபிடித்து, அது பற்றியிருக்கும் கோப்புகளின் வரிசைக்குச் சென்றால், நீக்கப்பட்டது என்ற குறிப்போடு அந்தக் கோப்பு அங்கே தென்படும். அதிலிருந்து பிரதி எடுத்து, புதிய பெயர் கொடுத்து, மறுபடியும் உலகத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பிடித்திருப்பவனை அதற்குள் நிறுத்திவிடக் கூடாது. பராங்குசதாசர் என்னும் ஒருவர் அந்தப் பதினொன்றைக் கைவிட்டிருந்தால் நாதமுனிகளுக்கு வழி அடைபட்டிருக்கும். அந்தப் பதினொன்றோ பெருமாளைப் பாடியவைகூட அல்ல, ஆசாரியனைப் பாடியவை. நாலாயிரத்தையும் பற்றியிருந்தவர் ஆழ்வார். ஆழ்வாரைப் பற்றியிருந்தவை அந்தப் பதினொரு பாசுரங்கள். அவற்றைப் பற்றியிருந்தவர் ஒரு தனி மனிதர். ஆசாரிய பரம்பரையென்று நாம் சொல்லுவது இந்தத் தொடர்ச்சியையே.

இத்தொடர்ச்சி அதற்குப் பின்னும் பலமுறை சோதிக்கப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் நேர்ந்த படையெடுப்புக் கலக்கத்தின்போது ஆழ்வாரின் திருமேனி கேரள தேசம் முதலிய இடங்களுக்குச் செல்ல நேர்ந்தது. ஊரோ காடாக மூடிக் கிடந்தது. காட்டைத் திருத்தி, ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப் பண்ணி, ஊரை ஊராக்கியவர் திருவாய்மொழிப்பிள்ளை. நம்பிள்ளை திருவாய்மொழிக்கு அருளிய வியாக்கியானத்தை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதிவைத்ததே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அது சில தலைமுறைகள் வரையில் ஊரறியப் பரவாமல், ஓர் ஆசாரியனிடமிருந்து ஒரு சிஷ்யனுக்கு என்று ஓராண்வழியாகவே இறங்கிவந்து, திருவாய்மொழிப்பிள்ளையின் கைக்கு வந்து, அவரிடமிருந்து அவர் சிஷ்யராகிய மணவாள மாமுனிகளை அடைந்தது. 1370ஆம் ஆண்டு பிறந்த மாமுனிகள், திருவரங்கத்தில் நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டுக் காலம் அந்த ஈட்டைக் காலக்ஷேபமாகச் சாதித்தார். அதற்கு முன்பு அந்நூலின் பெயரைக் கேட்டிராதவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் அறியாமையால் நூலுக்குக் குறைவு நேரவில்லை; ஒருவர் பின் ஒருவராகப் பிடித்திருந்த கைகள் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

பிடி முழுவதும் நழுவினால் நிகழ்வது என்ன என்பதையும் இத்திருநெல்வேலிச் சீமையே காட்டியிருக்கிறது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, கோயிலைச் சேர்ந்த சுவடிகள் பழுதடைந்து குவிந்து கிடந்தமையால், அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாக அறிந்து மனம் பதறினார் என்பதை அவருடைய ‘என் சரித்திர’த்தில் படிக்கிறோம். விதிப்படி, பக்தியோடுதான் அது செய்யப்பட்டது. ஆயினும், அந்த ஏடுகளைத் தவிர வேறெங்கும் பற்றப்படாத நூல் ஏதேனும் அக்குவியலில் இருந்திருக்குமானால், அது அன்றே முற்ற முடிந்தது. அதை எந்த ஜபமும் மீட்காது. அதே பெரியவர், 1889ஆம் ஆண்டு வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்காக ஆழ்வார்திருநகரிக்கு வந்து, லக்ஷ்மண கவிராயர் இல்லத்தில் இருந்த சுவடிகளையெல்லாம் ஆராய்ந்து, தேடியது முதலில் அகப்படாமல் வருந்தி, பிறகு கவிராயருடைய உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்த ஏடுகளிலிருந்து பத்துப்பாட்டைப் பெற்றார். எதிர்பார்த்த இடத்தில் இல்லை என்பதால் நூல் இல்லாமற் போகவில்லை. ஓரிடத்தில் ஒருவர் வைத்திருந்தார். அதனால் இன்று நாம் படிக்கிறோம்.

இதுகாறும் கூறியவை பற்றின் மங்கள முகம். இனி, துறவு என்னும் பொருளுக்கு இவ்வுண்மையைப் பொருத்திப் பார்ப்போம். நம்மில் பலர் நல்லெண்ணத்தோடு ஒன்றை விட்டுவிடத் தீர்மானிக்கிறோம். ஒருவனிடம் கொண்ட பகையை விட்டேன் என்கிறோம். புகழாசையை விட்டேன், சொத்தாசையை விட்டேன் என்று சங்கல்பம் செய்துகொள்கிறோம். அன்று முதல் அந்தப் பெயரை நாவினால் உச்சரிப்பதில்லை. மனத்தின் அறைகளைப் பெயர் பெயராகச் சோதித்துப் பார்த்தால் அவை எங்கும் தென்படுவதில்லை. ஆயினும் உள்ளத்தில் இடம் உண்டாவதில்லை; ஒரு நல்ல நினைவு வந்து அமர்வதற்கு இடமின்றி நெஞ்சு நிரம்பியே இருக்கிறது; தியானத்தில் அமர்ந்தால் மூச்சு முட்டுகிறது; காரணம் தெரியாமல் கோபம் எழுகிறது. ஆத்ம சோதனையை நாம் பெயர்களின் வழியாகவே நடத்துகிறோம். பகை என்ற பெயரை இழந்த பகை, நியாய உணர்ச்சி என்றோ, நினைவு என்றோ, பெயரே இல்லாத ஒரு பாரமாகவோ உள்ளே இருந்துகொண்டு, கண்காணிப்பார் இல்லாத காரணத்தால் முன்னிலும் விரைவாக வளர்கிறது. ஆண்டுகள் கழித்து, அந்தப் பழைய மனிதனைத் தெருவில் கண்டவுடன் நம்முள் பொங்குவது அன்று விட்ட பகையினும் பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கீதாசாரியன் இந்நிலையை இரண்டிடங்களில் எச்சரித்திருக்கிறான். கர்மேந்திரியங்களை அடக்கிவிட்டு மனத்தினால் விஷயங்களை நினைத்துக்கொண்டிருப்பவனை மூன்றாம் அத்தியாயத்தில் பொய்யொழுக்கம் உடையவன் என்றான். உண்ணாதவனை விட்டு விஷயங்கள் விலகினாலும் அவற்றின் சுவை விலகுவதில்லை, பரம்பொருளைக் கண்டபின்னரே அந்தச் சுவையும் விலகும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் அருளினான். விஷயம் விலகுவது பெயர் நீங்குவதைப் போன்றது. சுவை என்று அவன் சொன்னது பிடியை.

ஆகையால், விட்டுவிட்டோமா என்று கேட்பதற்கு முன்னால், எதை எது பற்றியிருக்கிறது என்று கேட்பதே முறையான ஆத்ம விசாரம். பகையைப் பற்றியிருப்பது பெரும்பாலும் அவமானப்பட்ட அகங்காரம். சொத்தாசையைப் பற்றியிருப்பது நாளையைக் குறித்த அச்சம். புகழாசையைப் பற்றியிருப்பது, தான் ஒன்றுமில்லாதவனாகிவிடுவோமோ என்ற கலக்கம். இவற்றை அறியாமல் ஆசைகளின் பெயர்களை மட்டும் அடித்துக்கொண்டே போகிறவன், பத்துக் கோப்புகளை நீக்கியும் ஓர் அங்குல இடமும் பெறாத பராமரிப்பாளனுக்கு ஒப்பாவான்.

பற்றியிருப்பதை அறிந்தபின் செய்யத்தக்கது யாது? அதைப் பலவந்தமாக நிறுத்துவது ஒரு வழி. உடம்பை வாட்டி, மனத்தை நசுக்கி, உணர்ச்சிகளைக் கொன்று பெறும் துறவு அவ்வகையைச் சேர்ந்தது. சர்வரில் முரட்டுத்தனமாக நிறுத்தப்பட்ட புரோகிராம் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அது செய்துகொண்டிருந்த நற்காரியமும் அதோடு குலைந்துபோகும். ஆழ்வார் காட்டியது வேறு வழி. திருவாய்மொழியின் முதற்பத்தில் இரண்டாம் திருவாய்மொழி முழுவதும் துறவைப் பற்றிய உபதேசம். நான் என்றும் எனது என்றும் கொள்ளும் அபிமானத்தை அடியோடு நீக்குமாறு கூறிய அதே மூச்சில், இறைவனைச் சேருமாறும் அவர் கூறுகிறார். விடுதலும் பற்றுதலும் அவருக்கு இரண்டு தனித்தனிக் காரியங்கள் அல்ல; ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். மனத்தின் சுபாவம் பற்றுதல். பற்றாமலே இரு என்று அதற்குக் கட்டளையிடுவது அதன் சொரூபத்துக்கே விரோதம். பழையதை விட்டுப் புதியதைத் திறந்துகொள் என்று சமிக்ஞை பெற்ற புரோகிராம், தான் செய்துவந்த வேலையை ஒரு கணமும் நிறுத்தாமல், பழைய பாரத்தைக் கைவிட்டுப் புதிய கோப்பில் எழுதத் தொடங்குவதுபோல, இறைவனைப் பற்றிய மனம் தன் காதலையும் கண்ணீரையும் இழக்காமலேயே அவற்றின் இலக்கை மாற்றிக்கொள்கிறது. ஆழ்வாரின் பாசுரங்களில் தாயாகவும் மகளாகவும் நின்று அழுவது கொல்லப்பட்ட மனமல்ல, கைமாறிய மனம். பக்தி மார்க்கம் உணர்ச்சியைப் பகையாகக் கருதாததன் இரகசியம் இங்கேயே உள்ளது.

இயந்திரத்துக்கும் ஆத்மாவுக்கும் உள்ள ஒப்புமை இவ்வளவோடு நிற்பது. அதன் எல்லையையும் கூறுவது கடமை. சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் எல்லாப் பிடிகளும் ஒரே சமயத்தில் விடுபடுகின்றன. மின்சாரம் திடீரென்று அற்றுப்போனாலும், பெயரும் பற்றுமின்றி நின்ற ஐநோட்டுகளை அடுத்தமுறை எழும்போது கோப்புமுறை தானே தேடித் துடைத்துவிடுகிறது. ஜீவனுக்கு மரணம் அத்தகைய விடுதலையைத் தருவதில்லை. ஸ்தூல சரீரம் வீழ்ந்தபின்னும் வாசனைகள் சூக்ஷ்ம சரீரத்தோடு தொடர்கின்றன என்பது நம் சாஸ்திரங்களின் முடிவு. அவ்வாறு தொடர்வதைத் துடைப்பவன் யார் என்ற கேள்விக்கு, திருநகரியின் சித்தாந்தம் தயங்காமல் விடை கூறும். ஜீவன் தன்னால் விடமுடியாததையும் எம்பெருமான் விடுவிப்பான்; ஜீவன் அவனைப் பற்றியிருக்கும் பிடி தளர்ந்தாலும், அவன் ஜீவனைப் பற்றியிருக்கும் பிடி தளராது. பிரளயத்தில் பெயரற்றுக் கிடந்த காலத்திலேயே நம்மை விடாமல் தரித்தவன், பெயரும் உருவும் தந்தபிறகு விட்டுவிடுவான் என்று அஞ்சுவதற்கு இடமில்லை. நம்முடைய பற்று சாதனம் என்று கர்வப்படாமல், அவனுடைய பற்றே ரக்ஷகம் என்று தெளிவதையே சரணாகதி என்று பெரியோர்கள் வகுத்தார்கள். எந்த இயந்திரமும் இதை நமக்குக் கற்பிக்க முடியாது. ஆனால் இதைக் கேட்பதற்கு வேண்டிய விழிப்பை ஓர் இயந்திரமும் உண்டாக்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாசகர்கள் இரண்டு காரியங்களைத் தம் வாழ்வில் கைக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விட்டுவிட்டதாக நீங்கள் எண்ணியிருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது போயிற்றா என்று அதன் பெயரைச் சொல்லித் தேடாமல், நெஞ்சில் இடம் உண்டாயிற்றா என்று மட்டும் பாருங்கள். உண்டாகவில்லையென்றால் அதைப் பிடித்திருப்பது எது என்று கண்டு, அந்தப் பிடியை இறைவன்பால் திருப்புங்கள். அதோடு, உங்கள் முன்னோர் வாய்வழியாகக் காத்துத் தந்த பாசுரமோ, பதிகமோ, வீட்டில் கிடக்கும் பழைய ஏடோ எதுவாயினும், அதற்கு உரியவர் வேறு யாரேனும் இருப்பார்கள் என்று நழுவவிடாமல், உங்கள் கையில் உள்ளதை உங்கள் குழந்தைகளின் கைக்கு மாற்றிக்கொடுங்கள். நாலாயிரமும் மீண்டு வருவதற்குப் பதினொரு பாசுரங்களை மறவாத ஒருவர் போதுமானவராக இருந்தார். அந்த ஒருவராக இருக்கும் கடமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.